பழைய டீசல் எஞ்சினின் கோளாறைக் கண்டறிதல் - ஒரு பாய்ப்படகை எடுத்துக்காட்டாகக் கொண்டு



"இயங்கிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் ஒன்று நின்றுவிட்டது. கோளாறைக் கண்டறியும் முறையை விளக்குக" என்னும் வகையான வினாவுக்கு உங்களிற் பலர் எழுதும் விடை ஒரு பட்டியலாகவே இருக்கின்றது. டீசல் முடிந்திருக்கலாம், வடி அடைத்திருக்கலாம், வளி புகுந்திருக்கலாம், வளையங்கள் தேய்ந்திருக்கலாம் என்று பத்து வரி வரும். அவற்றில் ஒன்றும் பிழையல்ல. ஆனால் வினா காரணங்களைக் கேட்கவில்லை. கண்டறியும் முறையைக் கேட்கின்றது. அந்தப் பத்தில் எதை முதலிற் பார்ப்பீர்கள், ஏன் அதை முதலிற் பார்ப்பீர்கள், பார்த்ததும் எவை விலகிப்போகும் என்பதே விடை. இதைப் பட்டியலாக மனனம் செய்ய முடியாது. ஒரு சம்பவத்தை எடுத்து, அதனூடாகவே படிப்படியாகச் செல்வோம்.

சம்பவம்

திருகோணமலைக்கும் காலிக்கும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வந்து நங்கூரமிடுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பாய் இருக்க எஞ்சின் எதற்கு என்று கேட்கலாம். காற்று விழுந்தால் படகு நகராது. ஒடுக்கமான துறைமுக வாயினூடாகப் பாயை மட்டும் நம்பி நுழைவதும் கடினம். மின்கலவடுக்கை ஏற்றவும் வேண்டும். ஆகவே படகின் உள்ளே, படிக்கட்டின் கீழே, ஒரு சிறிய டீசல் எஞ்சின் இருக்கும். அடிப்படையில் அது நம்மூர் லான்ட்மாஸ்ரரிலும் மூன்றரைத் தொன் வள்ளத்திலும் உள்ளதற்கு உறவுதான்.

அத்தகைய படகொன்றில் 30 வருடப் பழமையான இரட்டை உருளை எஞ்சின் உள்ளதென்று வைத்துக்கொள்வோம். நங்கூரத்தில் நிற்கும்போது அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குறையுமில்லை. புறப்பட்டுத் துறைமுக வாயை அடைந்து, வெளி அலையில் படகு ஆடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில், எஞ்சினின் வேகம் ஏறி இறங்கி, மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது. பாயை ஏற்றி ஒருவாறு திரும்பி வந்தார்கள். அரைமணி கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடவாதது போல எஞ்சின் இயங்குகின்றது. "எஞ்சின் கிழடாகிவிட்டது, கழற்றிப் புதுப்பிக்க வேண்டும்" என்கிறார் உரிமையாளர்.

அவர் சொல்வது சரியா? மேலே வாசிக்கமுன் ஒரு நிமிடம் நீங்களே யோசியுங்கள்.

வயது வேறு, தேய்வு வேறு

பாய்ப்படகில் எஞ்சின் எப்போதாவதுதான் ஓடும். வருடத்துக்கு 100 மணித்தியாலம் என்று கொண்டால் 30 வருடத்துக்கு 3000 மணித்தியாலம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் லொறி ஒன்று இதே 3000 மணித்தியாலத்தில் ஓடும் தூரம் 120,000 கிலோமீற்றர். நன்றாகப் பராமரித்த லொறி எஞ்சினை அந்தத் தூரத்தில் எவரும் கிழடு என்று சொல்லமாட்டார். ஆகவே படகு எஞ்சினைக் கெடுப்பது பெரும்பாலும் ஓட்டமல்ல. ஓடாமற் கிடப்பதும், உப்பும், தாங்கியில் நெடுநாள் தேங்கிய டீசலும்தான்.

இனி அடிப்படைக்கு வருவோம். 1897 இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் ருடோல்ப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினிலிருந்து இன்றுவரை அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. தீப்பொறிச் செருகி கிடையாது. உருளையினுள் வரும் வளியை, கராச்சில் பிஸ்ரன் என்று சொல்லப்படும் முசலம், ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்குகின்றது. நெருக்கிய வளியின் வெப்பநிலை 500 பாகை செல்சியசைத் தாண்டும். அந்த நேரத்தில் உட்பாய்ச்சி (கராச் வழக்கில் நொசில்) டீசலை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறும்போது அது தானாகவே பற்றுகின்றது. எனவே டீசல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: வளி, போதிய நெருக்கல், உரிய நேரத்தில் உரிய அமுக்கத்தில் தூய டீசல். ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண பழைய எஞ்சினுக்கு மின்சாரம்கூட அவசியமில்லை; தொடக்கி வைக்க மட்டுமே அது வேண்டும். (சில எஞ்சின்களில் டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு இருக்கும். அவை விதிவிலக்கு.)

இப்போது உரிமையாளரின் கூற்றைச் சோதிப்போம். முசல வளையங்கள் தேய்ந்து நெருக்கல் குறைந்திருந்தால், அது அரைமணி ஓய்வில் திரும்பி வருமா? வராது. தேய்ந்த உலோகம் வளர்வதில்லை. அப்படியான எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடக்குவதற்கு அடம்பிடிக்கும். சூடான பின் நன்றாக ஓடும். நமது எஞ்சினோ குளிர்ந்திருக்கும்போது உடனே தொடங்கி, ஓடிய பின் நிற்கின்றது. நேர் எதிர். ஆகவே ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் நெருக்கலை ஏறத்தாழ விலக்கிவிட்டோம். வளி வரும் பாதை அடைத்திருந்தால் நிற்குமுன் கரும்புகை வந்திருக்கும். அதுவும் இல்லை. மிஞ்சுவது டீசல்.

நின்ற விதமும் சாட்சி சொல்கின்றது. வேகம் ஏறி இறங்கி மெல்லச் சாகும் எஞ்சின், டீசல் போதாமற் சாகின்றது. சட்டென்று நின்றால் வேறு கதை: உந்தியில் கயிறோ வலைத்துண்டோ சுற்றியிருக்கலாம், அல்லது எஞ்சின் இறுகியிருக்கலாம். பரீட்சையில் "நின்றது" என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள சொல்லைக் கவனியுங்கள். "திடீரென", "படிப்படியாக" என்பவை வினாத்தாளில் அழகுக்காகப் போடப்படுபவை அல்ல.

தாங்கியின் அடியில் என்ன இருக்கின்றது?

பாதி நிரம்பிய தாங்கியில் மீதி வளி. இரவில் குளிரும்போது அந்த வளியிலுள்ள நீராவி ஒடுங்கித் துளியாகின்றது. மேற்றளத்திலுள்ள மூடியின் இறப்பர் வளையம் பழுதானால் மழைநீரும் கடல்நீரும் சேரும். டீசல் நீரிலும் அடர்த்தி குறைந்தது. எனவே நீர் அடியிற் தங்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் நுண்ணங்கிகள் வளரும். அவை நீரில் வாழ்ந்து டீசலை உண்பவை. வருடக்கணக்கில் கறுத்த வழுவழுப்பான மண்டி ஒன்று அடியிற் படிந்திருக்கும்.

நங்கூரத்தில் படகு அசையாதபோது மண்டியும் அசையாது. மேலேயுள்ள டீசல் தெளிவாகவே எஞ்சினுக்குப் போகும். வெளி அலையில் தாங்கி குலுங்கியதும் மண்டி கலங்கி, உறிஞ்சு குழாயின் வாயை அல்லது வடியை அடைக்கும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நிற்கும், வாயில் ஒட்டிய மண்டி விழும், கலங்கியது அடையும். அரைமணிக்குப் பின் எஞ்சின் "சுகமாகிவிடும்". சம்பவத்தில் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் இந்த ஒரு காரணம் விளக்குகின்றது, பாருங்கள். நல்ல ஊகத்தின் அடையாளம் அதுதான்.

இதிலுள்ள ஆபத்தையும் மனங்கொள்க. இக்கோளாறு அமைதியான நீரில் தன்னைக் காட்டாது. அலை எழும் இடத்தில், பாறையும் அலைதாங்கியும் அருகிலுள்ள துறைமுக வாயில், எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே காட்டும். ஆகவே அத்தருணத்தில் முதல் வேலை எஞ்சினைத் திறப்பதல்ல. பாயை ஏற்றுவது, முடியாவிட்டால் நங்கூரத்தை இறக்குவது. படகு பத்திரமான பின்பே கோளாறு தேடல். நம் மீனவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. புத்தகத்தை மட்டும் படிக்கும் நமக்கே தேவை.

ஊகத்தைச் சோதித்தல்

ஊகம் எவ்வளவு அழகாயிருந்தாலும் சோதிக்காமல் ஏற்கக்கூடாது. தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள முதல் வடியின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்து ஒரு கோப்பை அளவு டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அசையாமல் வைக்க வேண்டும். நீர் இருந்தால் அடியில் தனிப்படையாகத் தெரியும், மண்டியும் தெரியும். செலவு ஒன்றுமில்லை.

அடுத்த சோதனை இன்னும் நல்லது. சுத்தமான கலன் ஒன்றில் ஐந்து லீற்றர் புதிய டீசலை எடுத்து, எஞ்சினிலும் உயரமான இடத்தில் கட்டி வைத்து, ஒரு குழாயால் நேரே எஞ்சினின் ஊட்டற் பம்பிக்குக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது. எஞ்சின் நிற்காமல் ஓடினால் கோளாறு தாங்கிக்கும் பம்பிக்கும் இடையில். அப்போதும் நின்றால் பம்பிக்கு அப்பால். தொகுதியை இரண்டாகப் பிரித்து எந்தப் பாதியில் கோளாறு என்று அறியும் இம்முறையை விடையில் எழுதினால், விளங்கிப் படித்தவர் என்று பரீட்சகர் உடனே கண்டுகொள்வார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றை ஒரேயடியாக மாற்றி எஞ்சின் ஓடினால், எது குற்றவாளி என்று எவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் மீண்டும் அதே கதை.

வடியை மாற்றியபின் தொடங்கவில்லை!

தாங்கியைத் துப்புரவாக்கி வடியையும் மாற்றினார்கள். எஞ்சின் இப்போது தொடங்கவேயில்லை. புதிய பழுதா? இல்லை. வடியைத் திறந்தபோது வளி புகுந்துவிட்டது.

திரவத்தை நெருக்க முடியாது. வாயுவை நெருக்கலாம் என்று விஞ்ஞானத்தில் படித்தீர்கள். உட்பாய்ச்சி திறப்பதற்கு வளிமண்டல அமுக்கத்தின் நூறு மடங்கிலும் அதிக அமுக்கம் வேண்டும். குழாயில் டீசல் மட்டும் இருந்தால் பம்பி தள்ளியதும் அமுக்கம் அப்படியே போய்ச் சேரும். குமிழி இருந்தால் பம்பி தள்ளும்போது குமிழி சுருங்கும், விடும்போது விரியும். உட்பாய்ச்சி திறக்காது.

இதனை நீக்குவதே வளியகற்றல். கராச்சில் "எயார் எடுத்தல்" என்பார்கள். தாங்கிப் பக்கமிருந்து எஞ்சின் பக்கமாகவே வரவேண்டும். முதலில் இரண்டாம் வடியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஊட்டற் பம்பியின் சிறு நெம்பைக் கையால் அடிக்க, நுரைத்த டீசல் வரும். குமிழியற்ற டீசல் வந்ததும் இறுக்குக. பின் உட்பாய்ச்சற் பம்பியின் திருகு, அதேபோல. கடைசியாக உட்பாய்ச்சிகளுக்குச் செல்லும் குழாய்களின் சுரைகளைச் சற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுழற்ற, டீசல் துளித்ததும் இறுக்குக. இவ்விடத்தில் கையையோ முகத்தையோ நேரே பிடிக்கக்கூடாது. அந்த அமுக்கத்தில் வரும் தாரை தோலைத் துளைத்து உடலினுள் செல்லும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய காயம்.

வளி மீண்டும் மீண்டும் புகுந்தால்? இங்கேதான் பலர் தவறுவது. "டீசல் எங்கும் ஒழுகவில்லை, ஆகவே கசிவு இல்லை" என்று எழுதுவார்கள். படகில் தாங்கி பெரும்பாலும் எஞ்சினிலும் பதிவாக இருக்கும். எனவே தாங்கிக்கும் ஊட்டற் பம்பிக்கும் இடையில் எஞ்சின் ஓடும்போது டீசல் உறிஞ்சப்படுகின்றது. குழாயினுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறைவு. அப்பகுதியில் துவாரமிருந்தால் டீசல் வெளியே வராது, வளி உள்ளே போகும். பம்பிக்கு அப்பால்தான் டீசல் வெளியே ஒழுகும். ஆகவே ஒழுக்கு இல்லாத இடத்தையே சந்தேகிக்க வேண்டும். திருகுகளின் கீழுள்ள செப்பு வளையங்களையும் பாருங்கள். பலமுறை இறுக்கிய செம்பு கடினமாகி இருக்கையோடு பொருந்தாது. சிவக்கும்வரை சூடாக்கிக் குளிரவிட்டால் மீண்டும் மென்மையாகும். புதியது வாங்கினாலும் பெரிய விலையில்லை. இந்த வளையம் ஒன்றினால் ஓடாமற் கிடந்த எஞ்சினைப் புதுப்பிக்க நகை அடகு வைத்த குடும்பத்தை நானறிவேன்.

சாவியைத் திருப்பினால் "டிக்" என்ற சத்தம் மட்டும்

தொடக்கி மோட்டர் சுழலாதபோது எல்லோரும் மின்கலவடுக்கையே குறை சொல்வர். கணித்துப் பாருங்கள். தொடக்கும்போது 150 அம்பியர் ஓட்டம் பாய்கின்றதென்க. உப்புப் பூத்த இணைப்பு ஒன்றின் தடை 0.02 ஓம் மட்டுமே. அழுத்த வித்தியாசம் = ஓட்டம் × தடை. ஆகவே 150 × 0.02 = 3 வோல்ற்று அந்த இணைப்பிலேயே போய்விடும். 12 வோல்ற்றில் மோட்டருக்குக் கிடைப்பது 9. புதிய மின்கலவடுக்கு வாங்கினாலும் இதே 3 வோல்ற்று போகும். இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினாற் போதும்.

மோட்டர் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றாவிட்டால், வேறெதையும் தொடமுன் நிறுத்தும் கைபிடியைப் பாருங்கள். சாவியைத் திருப்பினால் டீசல் எஞ்சின் நிற்காது. டீசலை வெட்டியே நிறுத்த வேண்டும். முதல்நாள் நிறுத்தும்போது இழுத்த கைபிடி அப்படியே வெளியே நின்றால் டீசல் போகாது. சிரிப்பாக இருக்கும். அனுபவசாலிகளுக்கும் நடப்பதுதான்.

நீண்டநேரம் சுழற்றுவதிலுள்ள ஆபத்து

இது லான்ட்மாஸ்ரரில் இல்லாத, படகுக்கே உரிய விடயம். படகு எஞ்சினைக் குளிர்த்தும் கடல்நீர், கடைசியில் புகைக்குழாயினுள் விடப்பட்டுப் புகையோடு சேர்ந்து வெளியேறுகின்றது. நீரை வெளியே தள்ளுவது புகையின் அமுக்கம். எஞ்சின் பற்றாமல் மோட்டரால் மட்டும் சுழலும்போது பம்பி கடல்நீரை இழுத்துக்கொண்டேயிருக்கும். தள்ளப் புகை இல்லை. நீர் சேகரமாகி, மட்டம் உயர்ந்து, வெளியகற்றல் வால்வினூடாக உருளைக்குள் இறங்கும். நீரை நெருக்க முடியாதல்லவா? முசலம் மேலெழ முடியாமல் இணைக்கும் கோல் வளையும். நூறு ரூபாய்க் கோளாறு உண்மையிலேயே எஞ்சினைக் கழற்றும் கோளாறாக மாறுவது இப்படித்தான். ஆகவே நீண்டநேரம் சுழற்ற வேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை மூடிவிட வேண்டும். எஞ்சின் பற்றிய கணமே திறக்க வேண்டும். திறக்க மறந்தால் பம்பியிலுள்ள இறப்பர் இம்பெலர் உலர்ந்து உடையும். உடைந்த துண்டுகளை எண்ணி எடுக்காவிட்டால் அவை வெப்பப் பரிமாற்றியை அடைத்து, பின்னொருநாள் எஞ்சினைச் சூடாக்கும். எஞ்சின் தொடங்கியதும் படகின் பின்புறம் எட்டிப் பார்த்துப் புகைக்குழாயிலிருந்து நீர் வருகின்றதா என்று உறுதிசெய்வது இதனாலேயே.

புகையின் நிறம்

கருமை எரியாத காபன், நீலம் மசகெண்ணெய், வெண்மை எரியாத டீசல் அல்லது நீராவி என்று பாடநூலிற் படித்திருக்கிறீர்கள். படகுக்கு இரண்டு திருத்தங்கள் மட்டும் சொல்கிறேன். நீரோடு கலந்து வருவதால் குளிர்ந்த காலையில் சிறிது வெண்ணாவி இயல்பே. ஆனால் நீர் குறைந்து நாவி கூடினால் குளிர்த்தற் பாதையைப் பாருங்கள். கரும்புகை வந்தால் எஞ்சினைத் திறக்கமுன் ஒருவரை நீரில் இறக்கி உந்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். சிப்பிகள் ஒட்டி வளர்ந்த உந்தியைச் சுழற்ற எஞ்சின் அதிக டீசலை எரிக்க முயன்று மூச்சு முட்டும். குற்றம் எஞ்சினுக்கு வெளியே.

எப்போது எஞ்சினைக் கழற்றலாம்?

தூய டீசல், வளியற்ற குழாய், நல்ல வேகத்தில் சுழற்றும் மோட்டர், அடைப்பற்ற வளிப்பாதை, சோதித்த உட்பாய்ச்சிகள் எல்லாம் இருந்தும் குளிரில் தொடங்க மறுத்து, நீலப்புகை விட்டு, மசகெண்ணெயையும் குடித்தால், அப்போது நெருக்கல்மானியால் ஒவ்வோர் உருளையையும் அளக்கலாம். ஓர் உருளை மற்றையதிலும் மிகக் குறைவாகக் காட்டினால் உரிமையாளர் முதல்நாள் சொன்னது சரி. செலவு கூடிய, திரும்பிப் போக முடியாத வேலை கடைசியில் வருவதற்குக் காரணம் அதுதான். விடை எழுதும்போதும் இந்த ஒழுங்கு தலைகீழாகக்கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. ஊட்டற் பம்பிக்கு முன்னால் உள்ள குழாயில் சிறு வெடிப்பு உள்ளது. எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாமைக்குக் காரணம் யாது? எஞ்சினை நிறுத்தி, தாங்கியை விளிம்புவரை நிரப்பியதால் டீசல் மட்டம் குழாயிலும் உயரமானது. இப்போது என்ன நடக்கும்?

2. தொடக்கும்போது 180 அம்பியர் பாய்கின்றது. 12 வோல்ற்று மின்கலவடுக்கிலிருந்து மோட்டருக்கு 9.3 வோல்ற்று மட்டுமே கிடைக்கின்றது. இழப்பு முழுவதும் ஒரே இணைப்பில் எனக் கொண்டு அதன் தடையைக் காண்க. (விடை: 0.015 ஓம்)

3. பாய்ப்படகொன்றின் எஞ்சின் நங்கூரத்தில் நன்றாக ஓடுகின்றது. அமைதியான கடலிலும் இரண்டு மணி நேரம் ஓடுகின்றது. முழு வேகத்தில் மட்டும் கரும்புகை விட்டுச் சூடேறுகின்றது. நீங்கள் முதலிற் பார்ப்பது எதனை? அதனைப் பார்த்ததும் எவற்றை விலக்கலாம், எவற்றை இன்னும் விலக்க முடியாது? காரணத்துடன் எழுதுக.